குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம்: 2019-இல் பார்த்ததும் இப்போது பார்ப்பதும்

எந்த மாவட்டத்து அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. நெல்லைச் சீமையில் ஒன்று, அவ்வளவுதான். பிள்ளைகளின் பெயர், ஊர், பள்ளிக்கூடம் எதையும் வெளியே விடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவில் சொல்கிறது. அலுவலகத்தைச் சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் அரை மணி நேரத்தில் வீட்டையே கண்டுபிடித்துவிடுவார்கள். அதுவும் போக, அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தத்துக்கு வேலை பார்க்கிறவர்கள். நான் எழுதியதைக் காட்டி யாராவது அவர்களை வம்புக்கு இழுத்தால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

நான் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் வேலை பார்த்த காலத்தில் பதிவுத் தபால் ஒன்று கையெழுத்தில்லாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகாது, காணாமல் போனால் யார் கையில் போனது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். இந்தப் பழக்கத்தோடுதான் எந்த அலுவலகத்துக்குள்ளும் நுழைவேன். 2019 ஐப்பசியில் அங்கே முதன்முதலாகப் போனபோது, ஒரு பிள்ளையின் கோப்புக்குப் பதிவுத் தபாலுக்கு உள்ள மரியாதைகூட இல்லையே என்றுதான் பட்டது.

எங்கள் வளவில் ஆறு வீடு. கடைசி வீட்டு ஆச்சி பீடி சுற்றுகிறவர். மகன் தவறிவிட்டார். மருமகள் வேறு வாழ்க்கை அமைத்துக்கொண்டு போய்விட்டது (வயது இருபத்தாறு, அதைக் குறை சொல்ல நான் யார்). ஆச்சி கையில் ஏழு வயதுப் பேரன், மூன்று வயதுப் பேத்தி. அரசாங்கத்தில் ஏதோ உதவி இருக்கிறதாம் என்று யாரோ சொன்னதை நம்பி, எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து நடை நடந்தோம். முதல் நடையில் ஒருவரிடம் முழுக்கதையும் சொன்னார். இரண்டாம் நடையில் அவர் இல்லை, இன்னொருவரிடம் முதலிலிருந்து. மூன்றாவது மேசையில் ஒரு அம்மா, தலையை நிமிர்த்தாமலே "புருசன் பேரு, மகன் பேரு, எப்படிச் செத்தாரு" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு ஆச்சி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, அவன் ஒரு தடவதான் செத்தான். இங்க வந்து மூணு தடவ சாவ வச்சிட்டாவளே."

நான்காவது நடையில், "நீங்க போயிட்டா இதுக ரெண்டும் எங்க போவும்? பையன இல்லத்துல விட்ருங்க, சோறும் படிப்பும் கெடைக்கும்" என்றார்கள். தப்பான கேள்வி இல்லை. ஆனால் அதை நாலாம் நடையில், வாசலில் நிற்க வைத்து, பையன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது கேட்டார்கள். குடும்பத்தோடு வைத்துப் பார்க்க வழியே இல்லை என்றால்தான் இல்லம், அது கடைசி வழி என்று அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் (2015) 3-ஆவது பிரிவிலேயே இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் சண்டை போட்டிருப்பேனா என்றும் தெரியவில்லை, எங்கள் பக்கம் ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைப்பது தலைமுறை தலைமுறையாக உள்ள பழக்கம், யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஐந்தாம் நடையில், பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் நிறுத்தி உத்தரவு வாங்கினார்கள். பையன் போய்விட்டான்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்ததும் இல்லங்களில் கூட்டம் இருக்கக் கூடாது, முடிந்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று ஏற்பாடானது, உச்ச நீதிமன்றமே அந்த ஏப்ரலில் இதைப் பற்றி உத்தரவு போட்டது. பையன் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினான். அதற்குப் பிறகு மூன்று வருடம் ஒருவரும் வரவில்லை. போன் இல்லை, கடிதம் இல்லை. நான் ஒரு தடவை கூப்பிட்டுக் கேட்டதற்கு, "அந்தக் கேஸ் பாத்த சார் வேலைய விட்டுட்டாரு, ஃபைல் பாக்கணும்" என்றார்கள். பார்த்தார்களா என்றால், இல்லை. இந்த இடத்தோடு விமர்சனம் முடிந்திருந்தால் ஐந்துக்கு ஒரு நட்சத்திரம்கூட வீண்.

2023 ஆடி மாதம், சாரல் விழுந்துகொண்டிருக்கிற ஒரு நாள், தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் வளவுக்குள் வந்தது. சமூகப் பணியாளராம். இல்லத்திலிருந்து ஊரடங்கில் திரும்பிய பிள்ளைகளை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கச் சொல்லிப் புதிதாக வந்த அலுவலர் அம்மா பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். ஆச்சிக்கு உடனே பயம் பிடித்துவிட்டது, பையனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று. பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். அந்தப் பெண், "எந்திரிக்காதிய ஆச்சி, நீங்க சுத்திக்கிட்டே பேசுங்க, நான் இங்கனயே உக்காந்துக்கிடுதேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டது. அதற்கு மேலும் ஒன்று செய்தது, அதற்காகத்தான் நான் இதை எழுதவே உட்கார்ந்தேன். பையில் இருந்து பழைய கோப்பை எடுத்து, "நீங்க முன்ன சொன்னதெல்லாம் இதுல இருக்கு, நான் வாசிச்சுட்டேன். அந்தக் கதைய மறுபடி சொல்ல வேண்டாம். அதுக்குப் பொறவு நடந்தத மட்டும் சொல்லுங்க" என்றது.

அப்புறம் பையனைத் தனியாக வெளியே கூட்டிப் போய் அரை மணி நேரம் பேசியது. எங்கே படுப்பான், மழை பெய்தால் எந்தப் பக்கம் ஒழுகும், யார் திட்டுவார்கள், யாரிடம் போய் அழுவான். இதெல்லாம் அவன் பின்னால் எங்களிடம் சொன்னது. யாரிடம் போவாய் என்பதற்கு அவன் என் பெயரைச் சொன்னானாம். எனக்கு அதுவரை தெரியாது.

சரி, இந்த மாற்றம் எப்படி வந்தது என்று, அடுத்த இரண்டு வருடம் அந்த வாசலில் உட்கார்ந்து உட்கார்ந்து, எதிரே டீக்கடையில் அவர்களோடு டீ குடித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கட்டடம் அதேதான், நாற்காலி அதேதான், ஆள் எண்ணிக்கையும் கூடவில்லை. முன்பு மனு வாங்குகிறவர் ஒருவர், வீட்டுக்குப் போகிறவர் ஒருவர், அறிக்கை எழுதுகிறவர் ஒருவர், குழுவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறவர் ஒருவர் என்று வேலையைத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். எந்தத் துண்டும் தவறாக நடக்காது, பிள்ளையை முழுசாகத் தெரிந்தவர் மட்டும் ஒருவரும் இருக்க மாட்டார். இப்போது முதல் நாள் யார் கேட்கிறாரோ அவரே கடைசி வரை. அவர் பெயரும் கைபேசி எண்ணும் எழுதிய ஒரு வெள்ளை அட்டையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தபாலில் பீட் என்று சொல்வோம், இந்தத் தெரு இந்த ஆளுக்கு என்று. பீட் மாறாமல் பத்து வருடம் போனால் எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதுவரை தபால்காரனுக்குத் தெரியும். அதேதான்.

வீட்டுக்கு வருவதற்கும் வழி செய்திருக்கிறார்கள். புறத்தொடர்புப் பணியாளர் வேலைக்கு விளம்பரத்தில் போடுகிற சம்பளம் மாதம் 10,592 ரூபாய், சமூகப் பணியாளருக்கு 18,536. இதில் சொந்த பெட்ரோல் போட்டு மலையடிவாரம் வரை யார் வருவார்கள்? முன்பு வராமலே, போனில் கேட்டு எழுதிய அறிக்கைகளும் உண்டு என்று அவர்களே டீக்கடையில் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். இப்போது கிழமைக்கு ஒரு திசை. அந்தத் திசையில் உள்ள எல்லா வீட்டையும் ஒரே நாளில், அலுவலக வண்டியில். வாரத்தில் ஒரு நாள் அலுவலர் அம்மாவும் கூட வருகிறார். எங்கள் வளவுக்கு ஒரு தடவை வந்தார், ஓரமாக உட்கார்ந்து அந்தப் பெண் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார், குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியில் ஏறின பிறகுதான் இருவரும் பேசிக்கொண்டார்கள், கண்ணாடி வழியாகக் கையசைப்பது மட்டும் தெரிந்தது.

வியாழக்கிழமை மதியம் கதவைச் சாத்திவிடுவார்கள். இது தெரியாமல் ஒரு வியாழன் இரண்டு பஸ் மாறிப் போய் நின்றேன். உள்ளே எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், எனக்கு வந்ததே கோபம், பொதுஜனம் வெளியே நிற்கிறது, உள்ளே என்ன கச்சேரி என்று சத்தம் போட்டுவிட்டேன். காவலாளி சமாதானம் செய்தார். பின்னால்தான் தெரிந்தது, அந்த இரண்டு மணி நேரம் சிக்கலான கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எல்லாரும் சேர்ந்து யோசிக்கிற நேரம். யார் மேல் தப்பு என்று கேட்பதில்லையாம். அலுவலர் அம்மாவின் முதல் கேள்வி எப்போதும் "பிள்ள என்ன சொல்லுச்சு?" என்பதுதானாம். அதற்குப் பதில் இல்லாமல் அந்த அறைக்குள் போக முடியாது, அதனால் எல்லாரும் பிள்ளையிடம் பேசிவிட்டுத்தான் வருகிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னது. நான் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். கதவில் ஒரு அறிவிப்புப் பலகை மாட்டியிருக்கலாம் என்றும் சொன்னேன். இன்னும் மாட்டவில்லை.

என் தங்கை மகள் பாளையங்கோட்டையில் சமூகப்பணி படிக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னதும், "மாமா, இதெல்லாம் இங்கிலாந்துல அடிபட்டுக் கத்துக்கிட்டது" என்று ஆரம்பித்துவிட்டாள். அங்கே ஐலீன் மன்றோ என்ற பேராசிரியை 2011-இல் அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தாராம். படிவம் சரியாக நிரப்பினோமா, கெடுவுக்குள் முடித்தோமா என்று பார்ப்பதிலேயே பணியாளர்களின் நேரம் போய்விடுகிறது, பிள்ளைக்கு நல்லது நடந்ததா என்று பார்க்க நேரமில்லை என்பதுதான் சாரம். மேலதிகாரி ஒருவராவது களத்து வேலையை விடாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்றும் அதில் உண்டாம். நம் ஊரிலும் கெடுவுக்குக் குறைவில்லை: பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன்னால் கொண்டுவர வேண்டும், பிள்ளையின் வீட்டு நிலையை விசாரித்து எழுதுகிற சமூக விசாரணை அறிக்கை 15 நாளில், விசாரணை நாலு மாதத்துக்குள். கெடு வேண்டாம் என்று சொல்லவில்லை. 2019-இல் எங்கள் பையன் விஷயத்தில் எல்லாக் கெடுவும் சரியாக நடந்திருக்கிறது, கோப்பில் பார்த்தேன், தேதிகள் எல்லாம் சுத்தம். பையன்தான் வீட்டில் இல்லை.

அதே 2023 ஆவணி கடைசியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் வளவு முற்றத்தில் ஒரு கூட்டம் போட்டது அந்தப் பெண். ஆச்சியின் சொக்காரர் (பங்காளிகள்) இரண்டு பேர், பிள்ளைகளின் தாய்மாமன், அடுத்த வீட்டு மதினி, டியூசன் எடுக்கிற பிள்ளை, நான். தாய்மாமன் வருவார் என்று ஒருவரும் நினைக்கவில்லை, அக்கா போன பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டாதவர். அவரைப் போய்ப் பார்த்து அழைத்திருக்கிறார்கள். காப்பி, முறுக்கு எல்லாம் மதினி உபயம். அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: ஆச்சிக்கு ஒரு வாரம் உடம்பு முடியாமல் போனால் யார் என்ன செய்வீர்கள்? 2019-இல் வாசலில் வைத்துக் கேட்ட அதே கேள்விதான் இது. இந்த முறை கேட்டது எங்கள் எல்லாரிடமும். முதலில் பத்து நிமிடம் பழைய கணக்கெல்லாம் வெளியே வந்தது, யார் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்பதுவரை. அந்தப் பெண் தடுக்கவில்லை. அப்புறம் மெதுவாகத் தாய்மாமன், "பள்ளிக்கூட லீவுக்கு ரெண்டு பேரையும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். ராத்திரி ஆஸ்பத்திரி என்றால் என் வண்டி. சாப்பாடு மதினி. எல்லாவற்றையும் பெயரோடு எழுதி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டது. பிள்ளைக்கென்று தனியாக ஒரு பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது, அதற்குப் படிவமும் உண்டு. முன்பு அதை அலுவலகத்தில் உட்கார்ந்தே நிரப்பியிருக்கிறார்கள். எங்கள் பழைய கோப்பில் பையனின் விருப்பம் என்ற இடத்தில் "கல்வி" என்று ஒரே சொல் இருந்தது. தங்கை மகள் இதற்கும் ஒரு கதை வைத்திருந்தாள்: நியூசிலாந்தில் மாவோரி மக்கள் கேட்டுக் கேட்டு, 1989-இல் குடும்பத்தைக் கூட்டிப் பேசுவதைச் சட்டமாகவே வைத்துவிட்டார்களாம். சொக்காரனைக் கூட்டிப் பேச நமக்குச் சட்டம் வேண்டியதில்லை, ஆனால் கூப்பிட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18-இல் கொட்டின மழையை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. டவர் வந்ததும் ஆச்சி வீட்டுக்கு வந்த முதல் அழைப்பு அந்தப் பெண்ணுடையது. கூரை எந்தப் பக்கம் ஒழுகும் என்று அதற்குத்தான் தெரியுமே.

இப்போது குறைகள். பணம். இல்லத்திலிருந்து குடும்பத்துக்குத் திரும்பிய பிள்ளைக்கு நிதி ஆதரவு உண்டு, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். கிராமப்புறத்தில் வருட வருமானம் 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்கு மூன்று நடை, ஆச்சியின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி. இதற்கு அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது, ஆனால் முதல் நாளே எந்தெந்தத் தாள் வேண்டும் என்று ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு நடை மிச்சம். ஒப்புதல் ஆன பிறகும் ஐந்து மாதம் பணம் வரவில்லை, பிறகு மொத்தமாக வந்தது. மாதா மாதம் வரும் என்று நம்பி ஆச்சி பலசரக்குக் கடையில் பற்று வைத்திருந்தார். முதியோர் உதவித்தொகை மணியார்டரை வீடு வீடாகக் கொடுத்தவன் நான், பத்து நாள் பிந்தினாலே கிழவிகள் முகம் எப்படியிருக்கும் என்று தெரியும். ஐந்து மாதம் என்பது அநியாயம். சின்னவளுக்கு 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில், மாதம் 2,000, மனு போட்டிருக்கிறோம்.

இன்னொரு குறை, குழு கூடுகிற நாட்களில் காத்திருக்க இடம் போதாது. சண்டை போட்டுக்கொண்டு வந்த தகப்பனும் அவரைப் பார்த்தாலே நடுங்குகிற பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். கழிப்பறை பற்றி எழுதாமல் விடுகிறேன்.

பெரிய பயம் வேறு. இவ்வளவும் ஒரு அலுவலர் அம்மா வந்ததால் நடந்தது. நாளைக்கு அவரும் போவார். வருகிறவர் மறுபடி மேசைக்கொரு துண்டாக வேலையைப் பிரித்தால் யார் கேட்பது? இதை அந்தப் பெண்ணிடமே கேட்டேன். பதில் சொல்லாமல் டீயைக் குடித்தது.

அலுவலர் அம்மா இன்னும் இருக்கிறார். அந்தப் பெண்தான் போன தை மாதம் போய்விட்டது, வேறு இடத்தில் கொஞ்சம் கூடுதல் சம்பளம். தடுக்க நியாயமில்லை. போவதற்கு முன்னால், அதே வண்டியில், அடுத்து அந்த வேலைக்கு வருகிற இளைஞரைக் கூட்டிக்கொண்டு வளவுக்கு வந்தது. ஒரு மாதம் இரண்டு பேரும் சேர்ந்து எல்லா வீட்டுக்கும் போக வேண்டும் என்று அங்கே இப்போது ஏற்பாடாம். ஆச்சியிடம், "இவரு என் தம்பி மாதிரி, எல்லாம் வாசிச்சுட்டாரு, நீங்க மொதல்ல இருந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றது. பேரன் வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எங்க வீடு எந்தப் பக்கம் ஒழுகும்னு சொல்லுங்க பாப்போம்" என்றான். அவர் அண்ணாந்து பார்த்து, "வடகிழக்கு மூல, அடுப்பங்கரைக்கு மேல" என்றார். பையன் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

பதிவுத் தபால் கைமாறுவதை நான் ஆயிரக்கணக்கில் பார்த்தவன். இந்தக் கைமாற்றத்துக்காக அரை நட்சத்திரம் கூட்டி, ஐந்துக்கு மூன்றரை. பணம் மாதா மாதம் வரட்டும், நாலாக்கிவிடுகிறேன்.

போகிறவர்களுக்கு: ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, பள்ளியிலிருந்து படிப்புச் சான்று, வங்கிப் புத்தகம், எல்லாவற்றிலும் இரண்டு நகல். பெயர் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பிள்ளை ஆபத்தில் இருந்தால் இதெல்லாம் ஒன்றும் பார்க்க வேண்டாம், 1098. வெள்ளை அட்டை கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். டீ எதிர்க் கடையில் நன்றாக இருக்கும், வடை பத்தரைக்கு மேல்தான். வியாழன் மதியம் மட்டும் போகாதீர்கள்.